எரித்தால் வீசா இல்லை, வைத்திருந்தால் உயிர் இல்லை

செப்டம்பர் சனிக்கிழமைகளில் ஜான்-டலோன் சந்தைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. இத்தாலியக் குடும்பங்கள் வருடம் முழுவதுக்குமான சோஸ் காய்ச்சவென்று தக்காளியைப் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிக்கொண்டிருக்கும். எங்களுக்கு வேண்டியது கத்தரிக்காயும் மிளகாயும்தான். கறிவேப்பிலைக்குப் பிறகு பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்க் கடைக்குப் போய்க்கொள்ளலாம். போன கிழமை தங்கச்சியின் மகளும் கூட வந்தாள். புதிதாக வந்து இறங்குபவர்களுக்குப் படிவம் நிரப்பிக்கொடுக்கிற ஓர் அமைப்பில் அவள் தொண்டு வேலை செய்கிறாள். தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாங்கில் இருந்ததும் ஆரம்பித்தாள்.

"பெரியம்மா, கந்தகாரில கனடா ஆமிக்கு மொழிபெயர்த்த ஒராள் எங்களிட்ட வாறவர். அவற்ற தம்பியும் அதே வேலைதான் செய்தவராம். இப்ப பாகிஸ்தானில ஒளிச்சு நிக்கிறார். எங்கட ஆக்கள் வந்த மாதிரி அவரும் வந்து அகதிக் கேஸ் போட்டா என்ன? இதுக்கு ஏன் தனித் திட்டம், தனிப் படிவம்?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல, அந்த வேலை என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

கந்தகார் மாகாணத்தில் பஞ்ச்வாய் பக்கம் ஒரு கிராமம். கனடிய அதிகாரி ஒருவர் ஊர்ப் பெரியவரிடம் பேச வந்திருக்கிறார். அவருக்குப் பஷ்தோ தெரியாது, பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவே, பெரும்பாலும் கையில் ஆயுதம் இல்லாமல், இருபது இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் நிற்கிறான். 'உங்கள் வயலில் கண்ணிவெடி புதைத்தது யார்?' என்று அதிகாரி கேட்பது பெரியவரின் காதில் அந்தப் பையனின் குரலில்தான் விழுகிறது. ரோந்து போகும்போது தலிபான்காரர்கள் வாக்கிடாக்கியில் பேசுவதை ஒட்டுக்கேட்டு உடனுக்குடன் சொல்வதும் அவன் வேலை.

ஆறேழு மாதத்தில் ஒரு படையணி வீடு திரும்பும், இன்னொன்று வரும். கியூபெக்கின் 22ஆவது றெஜிமென்ட்டும் வல்கார்ட்டியே முகாமிலிருந்து இப்படிப் பலமுறை கந்தகாருக்குப் போய் வந்ததுதான். அதிகாரிகளின் முகம் மாறிக்கொண்டே இருக்கும், பையனின் முகம் மாறாது. ஊராருக்கு எந்தக் கப்டனின் பெயரும் நினைவில் நிற்காது. இவன் யாருடைய மகன், வீடு எந்த ஒழுங்கையில் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பலர் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய்தார்கள். ஈராக்கிலும் இதே கதை. 2008இல் பக்தாதில் அமெரிக்க ராணுவம் மொழிபெயர்ப்பாளர்கள் முகமூடி போடக்கூடாது என்று உத்தரவிட்டுப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது.

ஆப்கானிஸ்தானில் இறந்த கனடியப் படையினர் 158 பேர். இவர்களோடு நின்று இறந்த மொழிபெயர்ப்பாளர்கள் அந்த 158க்குள் வரமாட்டார்கள்.

"சரி, ஆபத்து இருக்குத்தானே. அப்ப அவர் அகதிதானே?"

சட்டப்படி பார்த்தால் பெரும்பாலும் ஆம். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை ஐந்து காரணங்களைச் சொல்கிறது: இனம், மதம், தேசியம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. 'நான் சம்பளத்துக்குத்தான் போனேன், எனக்கு அரசியலே கிடையாது' என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் சொன்னால் அரசியல் கருத்து என்ற காரணம் அடிபட்டுப் போகுமா? போகாது. கனடிய உச்ச நீதிமன்றம் 1993இல் வார்ட் வழக்கில் இதைத் தீர்த்துவைத்தது. வார்ட் வட அயர்லாந்தின் ஆயுதக் குழு ஒன்றில் இருந்தவர். பணயக் கைதிகளைக் காவல் காக்கச் சொன்னபோது அவர்களைத் தப்பவிட்டார். சொந்த இயக்கமே அவருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் தெளிவாயின. துன்புறுத்துவது அரசாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. உங்கள் மனதில் உண்மையில் என்ன கருத்து இருக்கிறது என்பதைவிட, உங்களைத் தேடுகிறவன் உங்கள் தலையில் என்ன கருத்தைக் கட்டுகிறான் என்பதே முக்கியம். 'அந்நியனின் ஆள்' என்று தலிபான் முடிவு கட்டிவிட்டால், சம்பளத்துக்குப் போனவனும் அரசியல்காரன்தான்.

அப்படியானால் முடிச்சு எங்கே? உடன்படிக்கையின் அகதி, சொந்த நாட்டுக்கு வெளியே நிற்பவர். கந்தகாரில் வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர் எவ்வளவு ஆபத்தில் இருந்தாலும் அந்த வரைவிலக்கணத்துக்குள் வரமாட்டார். சொந்த நாட்டுக்குள் இருப்பவரையே நேரடியாக எடுக்கக் கனடாவிடம் ஒரு வழி முன்பு இருந்தது. கொலம்பியா, எல் சால்வடோர், சூடான் என்று சில நாடுகளின் பட்டியல் ஒன்று வைத்திருந்தார்கள். அதில் ஆப்கானிஸ்தான் இல்லை. 2011இல் அந்த வகுப்பையே எடுத்துவிட்டார்கள், கனடியப் படை கந்தகாரை விட்டு வெளியேறிய அதே ஆண்டில்.

பாகிஸ்தானுக்குத் தப்பிப்போன தம்பி எல்லை தாண்டிவிட்டார், உண்மைதான். ஆனால் அங்கிருந்து கனடாவுக்கு நேரே விண்ணப்பிக்க முடியாது. ஐ.நா. அகதிகள் முகமை பரிந்துரைக்க வேண்டும், இல்லையென்றால் இங்கே யாராவது ஸ்பொன்சர் பண்ண வேண்டும். இரண்டுக்கும் வரிசை நீளம்.

எங்கள் ஆட்கள் வந்த வழி வேறு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். கனடிய மண்ணைத் தொட்டதால் அவர்கள் பாதுகாப்புக் கேட்க முடிந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதிக் கோரிக்கை வைப்பவர் சொல்வதை நேரில் கேட்காமல் திருப்பக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. இன்றைக்கு அகதிக் கோரிக்கைகளுக்கு ஹியரிங் நடப்பதன் அடித்தளம் அந்தத் தீர்ப்பு. ஆக, வந்து சேர்ந்தவருக்கு உரிமை இருக்கிறது. வந்து சேர வழி இல்லாதவருக்கு அரசாங்கத்தின் மனம் இரங்க வேண்டும். கந்தகாருக்குக் கடலும் கிடையாது.

அந்த இரக்கத்துக்குப் பெயர்தான் சிறப்புத் திட்டம். இங்கேதான் கேள்வியே மாறிவிடுகிறது. அகதி ஹியரிங்கில் கேட்பது 'திரும்பிப் போனால் உனக்கு என்ன நடக்கும்?' என்று. சிறப்புத் திட்டத்தில் முதலில் கேட்பது 'எங்களுக்கு என்ன செய்தாய், எவ்வளவு காலம் செய்தாய், யார் சாட்சி?' என்று. ஒன்று ஆபத்தை அளக்கிறது, மற்றது சேவையை அளக்கிறது. பிறகு வந்த குழப்பங்கள் அத்தனைக்கும் வேர் இதுதான்.

2009இல் அன்றைய குடிவரவு அமைச்சர் ஜேசன் கென்னி அறிவித்த முதல் திட்டத்தைப் பாருங்கள். 2007 அக்டோபருக்கும் 2011 ஜூலைக்கும் இடையே கந்தகாரில் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் கனடியப் படையின் மிகக் கடுமையான சண்டைகளில் ஒன்றான மெடூசா நடவடிக்கை நடந்தது 2006 செப்டம்பரில். அந்த வயல்களில் கூட நடந்தவர் 2007 கோடையில் மிரட்டலுக்குப் பயந்து வேலையை விட்டிருந்தால் திட்டத்துக்குள் வரமாட்டார். ஆபத்து அதிகமாகி ஓடியதே அவரைத் தகுதி இல்லாதவர் ஆக்கிவிடும். 2009, 2012 என்று இரண்டு திட்டங்களிலும் குடும்பத்தினரையும் சேர்த்து வந்தவர்கள் ஏறக்குறைய 800 பேர்.

அடுத்தது 2021. தலிபான் மாவட்டம் மாவட்டமாகப் பிடித்துக்கொண்டு வந்த ஜூலை 23ஆம் தேதி கனடா புதிய திட்டத்தை அறிவித்தது. தேதிக் கட்டுப்பாட்டை எடுத்தது நல்லது. அதற்குப் பதிலாகக் கனடிய அரசுடன் 'குறிப்பிடத்தக்க அல்லது நீடித்த' உறவு இருக்கவேண்டும் என்றார்கள். எவ்வளவு என்றால் குறிப்பிடத்தக்கது, அதை யார் முடிவு செய்வது என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. ஆரம்பத்தில் படிவங்களை 72 மணி நேரத்துக்குள் அனுப்பச் சொல்லி, கண்டனம் வந்த பிறகு அதைக் கைவிட்டார்கள். ஆகஸ்ட் 15 காபூல் விழுந்தது. 26ஆம் தேதி கனடா விமானங்களை நிறுத்தியது. இடைப்பட்ட நாட்களில் விமான நிலையச் சுவரை ஒட்டிய சாக்கடைக் கால்வாயில் முழங்கால் வரை இறங்கி நின்று, தலைக்கு மேலே காகிதத்தைத் தூக்கிப் பிடித்து 'கனடா, கனடா' என்று கத்தியவர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கனடா வெளியே எடுத்தது ஏறக்குறைய 3,700 பேரை.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு மொழிபெயர்ப்பாளரின் கோப்பில் வழக்கமாக இருப்பவை இவை: பிளாஸ்டிக் உறையிட்ட முகாம் அடையாள அட்டை, மேப்பிள் இலை போட்ட ஒரு பாராட்டுச் சான்றிதழ், 'இவர் நம்பிக்கையான ஆள்' என்று ஒரு கப்டன் கையெழுத்திட்ட கடிதம், தோளில் கைபோட்டுச் சிப்பாய்களுடன் எடுத்த படம். வீசா அதிகாரிக்கு இவைதான் ஆதாரம். சோதனைச் சாவடியில் நிற்கும் தலிபானுக்கும் இவைதான் ஆதாரம். காபூல் விழுந்த நாட்களில் பலர் இவற்றை அடுப்பில் போட்டு எரித்தார்கள். சிலர் நிலத்தில் புதைத்தார்கள். வேறு சிலர் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிட்டுக் கைபேசியை வெறுமையாக்கினார்கள். பிறகு படிவம் கேட்கிறது: வேலை ஒப்பந்தத்தை இணைக்கவும். சிலரை எடுத்தது ராணுவம் அல்ல, இடையில் இருந்த ஒப்பந்தக் கம்பனி. ராணுவம் போனதும் அவர்களைத் தேடிப் பிடிக்க ஆளில்லை.

எங்களுக்கு இது புதிய கதை அல்ல. கொழும்புச் சோதனைச் சாவடியில் எந்தக் கடிதத்தைக் காட்டுவது, வன்னிக்குப் போகும்போது எதைப் பைக்குள் வைக்கக்கூடாது என்று யோசித்தே வளர்ந்த தலைமுறை நாங்கள்.

கைரேகை இன்னொரு தடை. காபூலில் கனடியத் தூதரகம் மூடிவிட்டது. கைரேகை கொடுக்க வேறு நாட்டுக்குப் போகவேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டைத் தலிபான் அலுவலகத்தில்தான் எடுக்கவேண்டும். பாகிஸ்தானுக்குத் தப்பியவர்களோ, 2023 நவம்பரிலிருந்து ஆவணம் இல்லாத ஆப்கானியர்களை அந்நாடு திருப்பி அனுப்பத் தொடங்கியதால் அங்கேயும் ஒளிந்து வாழ்கிறார்கள். இதற்கிடையில் முன்னாள் கனடியச் சிப்பாய்களும் மொழிபெயர்ப்பாளர்களும் சேர்ந்து 'அமன் லாரா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தங்களோடு நின்ற பையனின் பெயருக்காகப் பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி, 'ஆம், இவர் என்னோடு வேலை செய்தார்' என்று எழுதிக்கொடுத்த படைவீரர்கள் பலர்.

"ஆனா கனடா 40,000 பேரை எடுத்ததுதானே, பெரியம்மா?"

எடுத்தது. 2023 அக்டோபரில் அந்த இலக்கைத் தாண்டியது. ஆனால் அந்த 40,000 பேரும் மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர். மனித உரிமைச் செயற்பாட்டாளர்கள், பெண் தலைவர்கள், தனியார் ஸ்பொன்சரில் வந்தவர்கள், உறவினர்கள் எல்லோரும் சேர்ந்த கணக்கு அது. கனடிய அரசுக்கு உதவியவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் 18,000. 2022 ஜூலையில் புதிய பரிந்துரைகளை நிறுத்திவிட்டார்கள்.

மற்ற நாடுகளில் பலவும் இதே வழியில்தான் தடுமாறின, டென்மார்க் ஒரு விதிவிலக்கு. டென்மார்க் 2007இல் பஸ்ராவிலிருந்து படையை மீட்கும் முன்னரே, தன்னிடம் வேலை செய்த ஈராக்கியரையும் குடும்பங்களையும், சுமார் 200 பேரை, சத்தமில்லாமல் விமானத்தில் ஏற்றியது. சிறிய எண்ணிக்கைதான், ஆனால் நேரத்தோடு செய்தது. அமெரிக்கா 2006இல் ஆண்டுக்கு 50 வீசா என்று தொடங்கிப் பிறகு விரித்தது. ஒன்பது மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லியும் பலருக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. இன்னும் பின்னால் போனால் பிரான்ஸ். 1962இல் அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தபோது பிரெஞ்சுப் படையோடு நின்ற அல்ஜீரியர்களான ஹார்க்கிகளில் பெரும்பாலோரைக் கைவிட்டுப் போனது. பல்லாயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். தப்பி வந்தவர்களை முள்கம்பி முகாம்களில் வைத்தார்கள். குடியரசுத் தலைவர் மக்ரோன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது 2021 செப்டம்பரில், காபூல் விழுந்து ஒரு மாதம் கழித்து.

இரண்டாவது தேத்தண்ணி வாங்கி வந்தவள் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அம்மா சொல்லுவா, ஐ.பி.கே.எஃப். காலத்தில எங்கட ஆக்களே ஆக்களைக் காட்டிக் குடுத்தவை எண்டு. அவையும் இவையும் ஒண்டோ?"

தவிர்க்கக்கூடாத கேள்வி. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ஐ.பி.கே.எஃப். என்ற இந்தியப் படை வந்தது, அக்டோபரில் புலிகளோடு சண்டை. இந்தியப் படையில் வந்த பலருக்குத் தமிழ் தெரியாது. சுற்றிவளைப்பில் எங்களைக் கோயில் வீதியிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ வரிசையாக இருத்துவார்கள். சாக்கினால் முகத்தை மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்ட தலையாட்டி ஒருவர் முன்னால் நிற்பார். அவர் தலை அசைந்தால் பிள்ளை வீட்டுக்கு வராது. அதைக் கண்டவர்களிடம் போய் 'அந்நியப் படைக்கு உதவியவருக்கு அடைக்கலம்' என்று சொன்னால் உடனே இரக்கம் வராது. பஞ்ச்வாய் கிராமத்துத் தாய்க்கும் வராது.

ஆனால் அதே காலத்தின் மறுபக்கமும் இருக்கிறது. 1989இல் இந்தியப் படையோடு நின்ற இயக்கங்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் பையன்களை வீதியில் வைத்துப் பிடித்து வலுக்கட்டாயமாகச் சேர்த்தன. 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினார். அந்தப் பையன்களின் கதி என்ன? எத்தனையோ பேர் புலிகளிடம் அகப்பட்டுச் செத்தார்கள். அந்த இயக்கங்களில் ஒன்றான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.உடன் தொடர்புடைய ஒரு பகுதியினரைத் தமிழ்நாட்டில் வைக்காமல் ஒடிசாவுக்குக் கொண்டுபோனார்கள். இந்திய உள்துறை அமைச்சின் ஆண்டறிக்கைகளில் தமிழ்நாட்டு முகாம்களின் பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் 'ஒடிசாவில் 54 பேர்' என்று ஒரு சிறு குறிப்பாக அவர்கள் நீண்டகாலம் இருந்தார்கள். இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. ஆகவே உரிமை என்று கேட்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. சென்னைக்குத் தப்பிவந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவருக்கே பாதுகாப்பு இருக்கவில்லை. பத்மநாபாவை 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் வைத்துச் சுட்டுக்கொன்றார்கள்.

எனவே 'உதவியவர்' என்று ஒரே பெட்டியில் எல்லோரையும் போடக்கூடாது. கூலிக்குப் பேச்சை மாற்றிச் சொன்னவர், பிடித்துச் சேர்க்கப்பட்டவர், முகமூடிக்குள் நின்று உயிர்களைக் காட்டிக்கொடுத்தவர் எல்லோரும் வேறு வேறு. கனடியச் சட்டத்தில் இதைப் பிரிக்கிற அளவுகோலும் இருக்கிறது. 2013இல் எசொகோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓர் அமைப்பில் இருந்தார், பக்கத்தில் நின்றார் என்பதற்காக ஒருவரைப் போர்க்குற்றத்தின் பங்காளி ஆக்க முடியாது. தெரிந்து, விரும்பி, குறிப்பிடத்தக்க அளவில் பங்களித்திருக்க வேண்டும்.

ஆப்கானிஸ்தான் விஷயத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. கனடியப் படை ஒப்படைத்த கைதிகள் ஆப்கான் சிறைகளில் வதைக்கப்பட்டார்கள் என்று ரிச்சர்ட் கொல்வின் என்ற கனடியத் தூதரக அதிகாரியே 2009இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். விசாரணை அறையில் மொழிபெயர்த்தவரிடம் அதைப் பற்றிக் கேட்பார்கள். அவர் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒளித்தது பின்னால் தெரியவந்தால், செய்த வேலையைவிட ஒளித்ததுதான் கேஸைக் கெடுக்கும். ஆனால் அந்தக் கைதியை ஒப்படைக்க முடிவு எடுத்தவர் மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்பதையும் கேட்பவர்கள் மறக்கக்கூடாது.

தம்பிக்காரருக்கு நீ சொல்லக்கூடியது இதுதான் என்றேன் அவளிடம். கடிதம் இல்லாவிட்டாலும் விபரம் இருக்கிறது: எந்த முகாம், எந்த மாதம், எந்தப் படையணி, அதிகாரியின் பெயரோ பட்டப்பெயரோ, எந்த ஊரில் வண்டி கண்ணிவெடியில் சிக்கியது. நினைவில் உள்ளதை எல்லாம் தேதிவாரியாக எழுதவைத்து, அண்ணனிடம் பாதுகாப்பாகக் கொடுக்கச் சொல். ஸ்பொன்சர் வழியை ஒரு நல்ல லோயரிடம் கேட்கச் சொல். பணம் வாங்கிக்கொண்டு 'லிஸ்டில் பேர் போடுறன்' என்று சொல்கிற எவரையும் நம்பவேண்டாம்.

இவ்வளவு பாரமும் ஏன் அவர் தலையில் விழவேண்டும் என்பதுதான் எனக்கு விளங்காத நியாயம். கூட்டுப் படைகளின் முகாம்களில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களிடம் வாசலிலேயே கைரேகையும் கருவிழிப் பதிவும் எடுத்தார்கள், உளவாளியோ என்ற பயத்தில். தங்கள் உயிருக்குப் பயந்தபோது இவர் யார் என்று பதிந்து வைக்கத் தெரிந்தது. இவர் உயிருக்குப் பயந்தபோது மட்டும் 'நீ யார் என்று நிரூபி' என்றார்கள்.

பதிவேடு வைத்திருப்பதும் ஆபத்துத்தான். பிரிட்டனில் 2022 பெப்ரவரியில் ஓர் அதிகாரி தவறுதலாக அனுப்பிய மின்னஞ்சலால், அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்த ஏறக்குறைய 19,000 ஆப்கானியரின் விபரங்கள் கசிந்தன. நீதிமன்றத் தடையினால் 2025 ஜூலை வரை அந்தச் செய்தியே வெளியில் வரவில்லை. ஆகவே பட்டியல் இருந்தால் போதாது, அதைக் காக்கவும் வேண்டும். அந்தப் பொறுப்பு பட்டியலை எழுதியவருடையது, அதில் பெயர் இருப்பவருடையது இல்லை.

ஆகவே இனி எந்த நாட்டுப் படை எந்த ஊருக்குப் போனாலும், உள்ளூர் ஆளை வேலைக்கு எடுக்கிற அன்றே அவர் பெயர் பாதுகாப்பாகத் தலைநகருக்குப் போகவேண்டும். படை திரும்புகிறபோது அவர் வீசா கேட்டு நிற்கக்கூடாது; 'வருகிறாயா, இருக்கிறாயா?' என்று படைதான் அவரைக் கேட்கவேண்டும். எத்தனை மாதம் உழைத்தார் என்று எண்ணுவதை விட்டு, இனி அவருக்கு என்ன நடக்கும் என்று பார்க்கவேண்டும். இதைச் சன்மானமாகக் கொடுத்தால் நினைத்தபோது கதவை மூடலாம், 2011இலும் 2022இலும் மூடியதுபோல. கடனாக எண்ணினால் கொடுத்துத்தான் தீரவேண்டும்.